இரண்டாவது செருகுவாய் எதற்கு?

வெளியூரில் குடும்பம் நடத்துகிற நம்மவர்க்கு வரவு எவ்வளவு என்பது நன்றாகத் தெரியும். செலவு எந்தத் திசையிலிருந்து வரும் என்பதுதான் தெரியாது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு என்று சிறுகச் சிறுக ஒதுக்கி வைத்த பணத்தின்மேல் எதிர்பாராத செலவு ஒன்று வந்து கை வைத்துவிடும். அத்தகைய செலவு அண்மையில் நம் சங்கத்து அன்பர் ஒருவரது வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. அது வந்த விதமும் திரும்பிய விதமும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதலானோம்.

அன்பரின் மூத்த மகள் கட்டடக்கலை பயில்கிறாள். கட்டடத்தின் வரைபடத்தைத் தீட்டி, அதன்மேல் வெயிலும் நிழலும் விழும் தோற்றத்தை உருவாக்கிக் காட்டுவது இன்று அப்படிப்பின் ஓர் அங்கமாகிவிட்டது. அதற்கு வலிமை மிக்க கம்ப்யூட்டர் வேண்டும். அனைத்தையும் புதிதாக வாங்குவது கட்டுப்படியாகாது என்று கண்ட அன்பர், மூன்றாண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டரின் கேபினெட்டையும், கிராபிக்ஸ் கார்டையும், மின்சாரம் வழங்கும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, மதர்போர்டு, பிராசஸர், ராம் ஆகிய மூன்றை மட்டும் புதிதாக வாங்கினார். இது புத்திசாலித்தனமான சிக்கனமே.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது ஒரு சங்கடம் தோன்றிற்று. புதிய மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்கு மின்சாரம் கொடுப்பதற்கென்று இரண்டு செருகுவாய்கள் இருந்தன. ஒன்று எட்டு முனை கொண்டது; மற்றொன்று நான்கு முனை கொண்டது. பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் கம்பியிலோ எட்டு முனைச் செருகி ஒன்றே இருந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டார். “இரண்டையும் செருகாவிட்டால் பிராசஸர் எரிந்து போய்விடும், 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வாங்கியே தீரவேண்டும், ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும்” என்று விடை வந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் என்பது அக்குடும்பம் திருநெல்வேலிக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்து வருவதற்காக எடுத்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி.

அன்றிரவு அன்பர் நம்மை அழைத்தார். “சார், நீங்கள் இந்த விஷயங்களில் பழக்கமுள்ளவர். பயணத்தை நிறுத்திவிட்டு இதை வாங்குவதா, அல்லது துணிந்து ஒன்றை மட்டும் செருகிப் பார்ப்பதா? பெண்ணோ இரண்டிலும் பயப்படுகிறாள்” என்றார். துணிவதும் வேண்டாம், பயப்படுவதும் வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று கூறி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றோம். அங்கே போட்ட கணக்கையே இங்கும் போட்டுக் காட்டுகிறோம்.

மின்சாரம் செல்லும் வழி

நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளுக்கு அது ஆகாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அதை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் மூன்று தாழ்ந்த அழுத்தங்களில் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. மதர்போர்டுக்கு முக்கியமான வழி இருபத்துநான்கு முனை கொண்ட அகன்ற செருகி. ஆனால் பிராசஸர் என்பது அந்த வீட்டில் பெரும்பசி கொண்ட பிள்ளை. அதற்குப் பொதுப்பந்தி போதாது என்று தனி இலை போட்டிருக்கிறார்கள். அந்தத் தனி இலைதான் நாம் பேசுகிற நான்கு முனை அல்லது எட்டு முனைச் செருகுவாய்.

நான்கு முனையில் இரண்டு முனைகள் 12 வோல்ட்டைக் கொண்டுவருகின்றன. மற்ற இரண்டும் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. எட்டு முனையில் நான்கு வருவதற்கு, நான்கு போவதற்கு. பழைய வழக்கப்படி 12 வோல்ட் கம்பிகள் மஞ்சளாகவும், திரும்பும் கம்பிகள் கறுப்பாகவும் இருக்கும். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருக்கின்றன.

இந்த 12 வோல்ட்டும் நேராகப் பிராசஸருக்குள் போவதில்லை. பிராசஸர் உண்பது ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டிய மிகத் தாழ்ந்த அழுத்தம். செருகுவாய்க்கும் பிராசஸருக்கும் நடுவே, உலோகத் தகடுகள் போர்த்திய சிறு சிறு சதுரங்கள் வரிசையாக நிற்பதை மதர்போர்டில் காணலாம். 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டளவுக்கு இறக்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. ஒரு பிராசஸர் 1.2 வோல்ட்டில் 240 வாட் உண்கிறதென்றால், அதற்குள் பாயும் மின்னோட்டம் 200 ஆம்பியர். அவ்வளவு மின்னோட்டத்தைத் தொலைவிலிருந்து மெல்லிய கம்பியில் கொண்டுவர இயலாது. ஆகவேதான் 12 வோல்ட்டாகக் கொண்டுவந்து, வாயருகே இறக்கி ஊட்டுகிறார்கள்.

சிறிது வரலாறு

இச்செருகுவாய் ஆதியிலிருந்தே இருந்ததன்று. 1993இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட முதல் பென்டியம் பிராசஸர் சுமார் பதினைந்து வாட் மின்சாரத்தோடு திருப்தியடைந்தது. 1995இல் அதே நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை வகுத்தபோது, இருபது முனைச் செருகி ஒன்றே மதர்போர்டு முழுவதற்கும் போதுமானதாயிருந்தது. பிராசஸருக்கு வேண்டிய மின்சாரமும் அதன் வழியாகவே, பெரும்பாலும் 5 வோல்ட் கம்பிகளிலிருந்து எடுக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டின் இறுதியில் பென்டியம் 4 வந்தபோது அதன் பசி ஐம்பது வாட்டைத் தாண்டிவிட்டது. அறுபது வாட்டை 5 வோல்ட்டில் கொண்டுவருவதானால் 12 ஆம்பியர் வேண்டும். அதையே 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் 5 ஆம்பியர் போதும். கம்பி சூடேறுவது மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆதலின் மின்னோட்டம் குறைந்தால் சூடு பன்மடங்கு குறையும். இதனை உணர்ந்தே அவ்வாண்டின் தொடக்கத்தில் வகுத்த புதிய விதியில் 12 வோல்ட்டுக்கென நான்கு முனைச் செருகி ஒன்றைத் தனியாகச் சேர்த்தார்கள். எட்டு முனைச் செருகி சர்வர்களின் உலகத்திலிருந்து வந்தது. பின்னர் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் இறங்கிவந்து நிலைத்துவிட்டது. பழைய நான்கு முனை மதர்போர்டுக்கும் பயன்படட்டும் என்று, எட்டு முனைச் செருகியை நடுவில் பிரிந்து நான்கும் நான்குமாக ஆகும்படி பலர் செய்கிறார்கள்.

ஆகவே, பசி வளர வளர இலையும் பெரிதாயிற்று என்பது தெளிவு. அப்படியானால் எட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நான்கு அல்லது இன்னோர் எட்டு வைத்திருப்பதும் பசி மேலும் வளர்ந்ததால்தானா? அதைத்தான் கணக்குச் சொல்லவேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு முனை எவ்வளவு ஆம்பியரைத் தாங்கும்? அது முனையின் உலோகத்தையும், கம்பியின் பருமனையும், அருகில் எத்தனை முனைகள் சூடேறுகின்றன என்பதையும் பொறுத்தது. நல்ல முனைகள் இன்னும் அதிகம் தாங்கும் என்றாலும், நாம் எச்சரிக்கையாக 7 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு முனைச் செருகியில் 12 வோல்ட்டைக் கொண்டுவரும் முனைகள் நான்கு. நாலேழு இருபத்தெட்டு ஆம்பியர். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 336 வாட். நான்கு முனைச் செருகிக்கு இதில் பாதி, அஃதாவது 168 வாட்.

அடுத்து, பிராசஸர் எவ்வளவு உண்ணும் என்று பார்க்கவேண்டும். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராசஸர் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வாட் ஒன்று. அது முழுமூச்சாக உழைக்கும்போது உண்ணும் உச்ச வாட் வேறு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸரில் 65 வாட் என்று எழுதியிருந்தால் உச்ச வரம்பு 88 வாட். 105 என்று எழுதியிருந்தால் 142. 170 என்று எழுதியிருந்தால் 230. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ5-12400 பிராசஸருக்கு எழுதியது 65 வாட், உச்சம் 117. கோர் ஐ9-14900கே பிராசஸருக்கு எழுதியது 125 வாட், உச்சம் 253. நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது உச்சத்தைத்தான்.

மேலும், 12 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் அந்தச் சதுரங்கள் தமக்கும் ஒரு தரகை எடுத்துக்கொள்கின்றன. நூறு வாட் வாங்கினால் எண்பத்தெட்டு வாட்டைக் கொடுத்து, மீதியைச் சூடாகக் கழிக்கின்றன என்று கொள்வோம்.

அன்பரின் மகளுக்காக வாங்கிய பிராசஸர் ரைசன் 7 7700எக்ஸ். அதன் உச்சம் 142 வாட். தரகையும் சேர்த்தால் சுமார் 161 வாட். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 13.4 ஆம்பியர். நான்கு முனைகளுக்கும் பங்கிட்டால் முனைக்கு 3.4 ஆம்பியர்கூட இல்லை. தாங்கும் அளவு ஏழு. செல்வதோ அதில் பாதிக்கும் குறைவு. எட்டு முனை ஒன்றே இந்தப் பிராசஸரைப் போல் இரண்டுக்குப் பசியாற்றும் என்பது இதனால் விளங்கும்.

இனி, வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பசி கொண்ட கோர் ஐ9-14900கே பிராசஸரை எடுத்துக்கொள்வோம். 253 வாட்டுடன் தரகையும் சேர்த்தால் சுமார் 288 வாட்; அது 24 ஆம்பியர்; முனைக்கு 6 ஆம்பியர். இப்பொழுதும் எல்லைக்குள்தான் இருக்கிறோம். ஆனால் எல்லைக்கு அருகில் வந்துவிட்டோம்.

கம்பியில் வீணாகும் சூட்டையும் பார்த்துவிடுவோம். வழக்கமான 18 கேஜ் செப்புக் கம்பி மீட்டருக்கு சுமார் 0.021 ஓம் தடை உடையது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து மதர்போர்டின் மேல் மூலை வரை 65 சென்டிமீட்டர் என்று கொண்டால், மேற்கூறிய ஐ9 பிராசஸரின் முழு உழைப்பில் எட்டுக் கம்பிகளிலும் சேர்ந்து வீணாவது ஏறக்குறைய 4 வாட். இன்னோர் எட்டு முனையையும் செருகினால் அது 2 வாட்டாகக் குறையும். நம் அன்பரின் வீட்டுப் பிராசஸருக்கோ ஒன்றேகால் வாட். இரண்டாவது நான்கு முனையையும் செருகினால் மிச்சமாவது அரை வாட்டுக்கும் குறைவு. அரை வாட்டுக்காக ஒன்பதாயிரம் ரூபாய் கொடுப்பது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதைக் காட்டிலும் மோசமான வியாபாரம்.

பின் ஏன் வைத்திருக்கிறார்கள்?

தேவையில்லாத ஒன்றை ஒரு நிறுவனம் ஏன் வைக்கவேண்டும் என்று அன்பரின் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு.

பெரிய கோயில்களில் நாள்தோறும் கிழக்கு வாசல் ஒன்றே திறந்திருக்கும். வருகிறவர்கள் நெருக்கமின்றி வந்து போவார்கள். திருவிழா நாளில் மட்டும் வடக்கு வாசலையும் திறந்துவிடுவார்கள். வடக்கு வாசல் வழியாகப் போனாலும் சேருமிடம் அதே சந்நிதிதான். மதர்போர்டில் உள்ள இரண்டு செருகுவாய்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. உள்ளே அவை ஒரே செப்புத் தகட்டில் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று பிராசஸரின் ஒரு பாதிக்கும் மற்றொன்று மறு பாதிக்கும் என்று பிரித்து வைத்ததன்று. ஒன்றைத் திறக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் தெய்வம் பட்டினி கிடப்பதில்லை.

திருவிழா என்பது இங்கே எது? பிராசஸரை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டிப் போட்டியிடுவதையே ஒரு விளையாட்டாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனைப் பிராசஸரின்மேல் ஊற்றிக்கொண்டே ஓட்டுவார்கள். அப்போது பிராசஸர் உண்ணும் மின்சாரம் சாதாரண வரம்புகளையெல்லாம் கடந்து செல்லும். உயர்ந்த விலையுள்ள மதர்போர்டுகளை அவர்களையும் மனத்தில் வைத்தே அமைக்கிறார்கள். ஒரே அமைப்பில் செய்த போர்டை ஆறாயிர ரூபாய் பிராசஸரோடும் வாங்கலாம். ஐம்பதாயிர ரூபாய் பிராசஸரோடும் வாங்கலாம். எவர் எதை வைப்பார் என்று செய்பவருக்குத் தெரியாது. ஆகவே அதிகபட்சத்துக்கே இடம் வைத்துவிடுகிறார். ஒரு செருகுவாயை அதிகமாகப் பதிக்க ஆகும் செலவும் சொற்பமே.

மற்றொரு காரணத்தையும் மறைப்பதற்கில்லை. கடையில் இரண்டு போர்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, ஒன்றில் ஒரு செருகுவாயும் மற்றொன்றில் இரண்டும் இருந்தால், இரண்டு உள்ளதே வலிமையானது என்று வாங்குகிறவர் மனம் நினைக்கும். நகையின் எடையைக் கையிலேயே நிறுத்துப் பார்ப்பது போன்ற நினைப்பு இது.

இரண்டாவது செருகுவாய் கிராபிக்ஸ் கார்டுக்கு உதவும் என்று சிலர் கூறுகிறார்கள். அது பிழை. கிராபிக்ஸ் கார்டு தான் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து 75 வாட் வரை இருபத்துநான்கு முனைச் செருகியின் வழியாகப் பெறுகிறது. மேற்கொண்டு வேண்டியதைத் தன் தலையில் செருகும் தனிக் கம்பியிலிருந்து பெறுகிறது. பிராசஸரின் செருகுவாய்க்கும் அதற்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை.

எவருக்கு அவசியம்?

இவ்வளவும் படித்துவிட்டு, இரண்டாவது செருகுவாய் எல்லோருக்கும் வீண் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. அஃது இன்றியமையாத இடங்களும் உண்டு.

திரைப்படச் சித்திர வேலைக்கும் ஆராய்ச்சிக் கணக்குகளுக்கும் பயன்படும் பெரிய பிராசஸர்கள் இருக்கின்றன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் திரெட்ரிப்பர் 7980எக்ஸ் அவற்றுள் ஒன்று. அதன்மேல் எழுதியிருக்கும் அளவே 350 வாட். தரகு பத்து விழுக்காடு என்று குறைத்துக் கொண்டாலும் ஏறக்குறைய 389 வாட் ஆகும். அது 32 ஆம்பியருக்கு மேல்; எட்டு முனை ஒன்றை மட்டும் செருகினால் முனைக்கு 8 ஆம்பியர் வந்துவிடும். நாம் வகுத்துக்கொண்ட எல்லையை அது தாண்டிவிட்டது. இரண்டு எட்டு முனைகளையும் செருகினால் முனைக்கு 4 ஆம்பியர், கவலையில்லை. இங்கே இரண்டாவது செருகுவாய் கட்டாயம் வேண்டியதாகிறது.

ஒரே மதர்போர்டில் இரண்டு பிராசஸர்கள் அமரும் சர்வர்களிலும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் செருகுவாய் தேவை. ஐ9 போன்ற பிராசஸரை வைத்துக்கொண்டு மின்சார வரம்பை நீக்கிவிட்டு ஓட்டுபவர்க்கும் தேவை. வரம்பை நீக்கினால் அது 300 வாட்டையும் கடக்கக்கூடும். 320 வாட்டுக்கு மேற்கண்டபடி கணக்கிட்டால் முனைக்கு 7.6 ஆம்பியர் ஆகிறது.

வரம்பை நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. சில மதர்போர்டுகள் வாங்கிய நாளிலேயே வரம்பு நீக்கப்பட்ட நிலையில் வந்தன. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர் பிராசஸர்கள் பல நிலைதடுமாறியதற்கு, அளவுக்கு மிஞ்சிய வோல்ட் ஏறியதே காரணம் என்று அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டுகள் நீட்டித்தது. அத்தகைய பிராசஸர் வைத்திருப்போர் மதர்போர்டின் பயாஸ் நிரலைப் புதுப்பித்து, நிறுவனம் கூறிய வரம்பை இட்டுக்கொள்ள வேண்டும். செருகுவாய் எத்தனை இருந்தாலும் இந்நோய்க்கு அது மருந்தாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதர்போர்டோடு வரும் கையேட்டைப் பார்க்கவேண்டும். இரண்டையும் செருகியே தீரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், நம் கணக்கு எதுவாயினும் அதற்கே பணியவேண்டும். பழுது நேர்ந்தால் உத்தரவாதம் கேட்டு நிற்கப்போவது அவர்களிடந்தானே. அன்பரின் வீட்டுக் கையேட்டில் எட்டு முனை கட்டாயம் என்றும், நான்கு முனை விருப்பத்துக்குரியது என்றும் அச்சிட்டிருந்தது. பெட்டியின் அடியில் பிரிக்கப்படாமல் கிடந்த அந்தக் கையேட்டை முதலில் படித்திருந்தால், நாம் அங்கே போகவேண்டிய அவசியமே ஏற்பட்டிராது!

அபாயம் எங்கே?

இரண்டாவது செருகுவாய் காலியாக இருப்பதில் அபாயம் இல்லை. அதை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் அபாயம் இருக்கிறது. நாம் அன்பரின் வீட்டுக்குச் சென்றபோது, அவருடைய மகன் கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு முனைச் செருகியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பிரித்து இங்கே அழுத்திச் செருகிவிடலாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தான். நல்லவேளையாகச் செருகவில்லை.

பிராசஸருக்கான எட்டு முனையும், கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு முனையும் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றும். ஆனால் முன்னதில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் பின்னதில் திரும்பும் கம்பிகள் இருக்கின்றன. மாற்றிச் செருகினால் மின்சாரம் குறுக்கே பாயும். இதைத் தடுப்பதற்காகவே முனைகளில் சிலவற்றைச் சதுரமாகவும் சிலவற்றை மூலை மழுங்கியும் செய்து, ஒன்று மற்றொன்றில் நுழையாதபடி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பலங்கொண்டு அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து கொடுத்துவிடும். எது எதற்குரியது என்பது செருகியின் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் பொறித்திருக்கும். அதைப் படித்த பிறகே செருகவேண்டும். எளிதாக உள்ளே போகாத செருகி, அந்த இடத்துக்கு உரியதன்று.

கடைவீதிகளில் மாற்றுக் கம்பிகள் பல விற்கின்றன. சாட்டா என்னும் வட்டுச் செருகியிலிருந்து எட்டு முனையாக மாற்றிக் கொடுக்கும் கம்பி அவற்றுள் ஒன்று. சாட்டா மின்செருகி 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது நாலரை ஆம்பியர், அஃதாவது 54 வாட். அதன்மீது பிராசஸரின் சுமையை ஏற்றினால் பிளாஸ்டிக் உருகித் தீப்பற்றவும் கூடும். ஒரே எட்டு முனைக் கம்பியை இரண்டாகக் கிளைத்து இரு செருகுவாய்களையும் நிரப்பும் கம்பியும் விற்கிறார்கள். அதனால் கண்ணுக்கு நிறைவு உண்டாகலாம். வேறு பயன் இல்லை. ஒற்றைக் குழாயின் நுனியில் இரண்டு வாய் வைத்தால் தண்ணீர் அதிகமாக வந்துவிடுமா?

கழற்றிப் பூட்டும் கம்பிகள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்போர்க்கு மற்றோர் எச்சரிக்கை. மதர்போர்டுப் பக்கத்து முனைகளுக்குப் பொதுவிதி உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைகளுக்கு அத்தகைய பொதுவிதி இல்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டியில் வேறொரு நிறுவனத்தின் கம்பியை இரவல் வாங்கிப் பூட்டினால், 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போய், வட்டும் போர்டும் ஒருங்கே அழிய நேரும். ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாதிரிகளுக்குள்ளேகூட இந்த வேறுபாடு இருப்பதுண்டு.

செருகி உருகிய சம்பவங்கள் பலவற்றில் குறை எண்ணிக்கையில் இருப்பதில்லை. செருகிய விதத்தில்தான் இருக்கிறது. அரைகுறையாக நுழைந்த முனையில் தொடர்பு குறுகித் தடை மிகுந்து, அங்கேயே சூடு தேங்கிவிடுகிறது. கொக்கி மாட்டிக்கொள்ளும் ஓசை கேட்கும்வரை நேராக அழுத்தவேண்டும். முழுமையாகச் செருகிய ஒன்று, அரைகுறையாகச் செருகிய இரண்டைவிட மேலானது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றவேண்டுமா என்பதைச் செருகிகளை எண்ணி முடிவு செய்யலாகாது. மொத்தத் தேவையைக் கூட்டிப் பார்க்கவேண்டும். அன்பரின் வீட்டில் பிராசஸருக்கு 161 வாட், ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட். வட்டுகள், விசிறிகள், ராம் முதலியவற்றுக்குத் தாராளமாக 60 வாட். ஆக 336 வாட். கையிலிருக்கும் பெட்டியோ 550 வாட். இருநூறு வாட்டுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

ஆனால் அந்த 550 என்ற எண் உண்மையானதாக இருக்கவேண்டும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் எழுதியிருப்பது ஒன்று, கொடுப்பது வேறு. பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு மட்டும் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மை ஒருவாறு புலப்படும். பழமையும் கவனிக்கத் தக்கது. நம் நாட்டுக் கோடையும் தூசும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஆயுளைக் குறைப்பவை. உத்தரவாதம் முடிந்து நெடுநாள் ஆன பெட்டி, விசிறி முனகும் பெட்டி, மலிவுப் பெட்டி ஆகியவற்றின்மேல் விலை உயர்ந்த புதிய பிராசஸரை நம்பி ஒப்படைப்பது சரியன்று. அவற்றை மாற்றுவது அவசியமான செலவே. அன்பரிடம் இருந்தது நல்ல நிறுவனத்தின் பெட்டி. ஐந்தாண்டு உத்தரவாதத்தில் இன்னும் இரண்டாண்டுகள் மீதமிருந்தன.

புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதாகவே முடிவு செய்தால், அப்போது பிராசஸருக்கென இரண்டு கம்பிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குவதில் தவறில்லை. வாங்கிய பின் இரண்டையும் செருகிவிடலாம். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, முனைகள் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். இருக்கும்போது செருகுவது வேறு; இல்லாததற்காகக் கடன் வாங்குவது வேறு.

தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, கொல்கத்தா சாந்தினி சௌக், பெங்களூர் எஸ்.பி. ரோடு என்று நம்மவர் வாழும் பெருநகரங்களிலெல்லாம் கம்ப்யூட்டர் கடைவீதிகள் இருக்கின்றன. அங்குள்ள கடைக்காரர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அன்பரிடம் அவ்வாறு சொன்னவரும் ஏமாற்ற எண்ணிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் வாடிக்கைக்காரர் தம் வாசலில் வந்து நிற்பாரே என்ற அச்சத்தில், பாதுகாப்பான பக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய பாதுகாப்புக்கு நம் குடும்பம் விலை கொடுக்கவேண்டுமா என்பதை நாம்தான் யோசிக்கவேண்டும். மொழி புதிதாக இருக்கும் ஊரில், கடைக்காரர் வேகமாகப் பேசும்போது, மறுத்துக் கேட்கக் கூசித் தலையசைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. “கையேட்டில் எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது?” என்ற ஒரு கேள்வியை மட்டும் அவ்வூர் மொழியில் கற்றுக்கொண்டு போனால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

கணக்கு முடிந்ததும் அன்பரின் மகளையே செருகச் சொன்னோம். கை சிறிது நடுங்கிற்று. கொக்கி மாட்டிக்கொண்ட ஓசை கேட்டது. இயக்கியதும் திரையில் வெளிச்சம் வந்தது. அதோடு விட்டுவிடாமல், அவள் கல்லூரிக்காக வரைந்திருந்த ஒரு நூலகக் கட்டடத்தின் தோற்றத்தை உருவாக்கும்படி கட்டளை கொடுத்து, ஒரு மணி நேரம் முழுமூச்சாக ஓடவிட்டோம். பிராசஸர் உண்ணும் மின்சாரத்தைக் காட்டும் நிரல் ஒன்றையும் பக்கத்தில் திறந்து வைத்தோம். எண் மேலேறி மேலேறி, 142 வாட்டில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு வாட் ஏறவில்லை. செருகிக்கு வரும் கம்பியை வெளிப்புறம் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புக்கூட இல்லை.

“அப்படியானால் அந்த இரண்டாவது ஓட்டை?” என்றான் பையன், இன்னும் மனம் ஆறாமல். “அது இருந்துவிட்டுப் போகட்டும். தூசு போகாமல் வைத்துக்கொள்” என்றோம்.

குடும்பம் மே மாதத்தில் ஊருக்குப் போய்வந்தது. பாட்டி கொடுத்தனுப்பிய வற்றலிலும் வடகத்திலும் ஒரு பங்கு நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கம்ப்யூட்டர் இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு முனைச் செருகுவாய் இன்றும் காலியாகவே இருக்கிறது.

கணக்குப் பார்த்துச் செலவு செய்வது கஞ்சத்தனமன்று. கணக்குப் பார்க்காமல் துணிவது வீரமும் அன்று. வேண்டிய இடத்தில் தயங்காமல் கொடுப்பதற்காகவே வேண்டாத இடத்தில் கையை மூடிக்கொள்கிறோம். அடுத்த முறை கடைவீதிக்குப் போகும் அன்பர்கள் கையேட்டையும் ஒரு பென்சிலையும் உடன் எடுத்துச் செல்வார்களாக.